சிவப்பும் வெள்ளையும், நம் நாக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, ஆனா தெரிஞ்சதைப் பேசு" என்றார். எனக்குத் தெரிந்தது குளிர்பதனம். போலகத்துப் பையன் நான். வீட்டுக்குப் பக்கத்திலேயே 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் 2000-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியதைப் பார்த்துத்தான் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டேன். படித்து முடித்து எங்கெங்கோ சுற்றி, கடந்த ஒன்பது ஆண்டுகளாக நாசிக்கில் ஓர் ஒயின் ஆலையில் குளிரூட்டும் பிரிவைக் கவனித்து வருகிறேன். கம்ப்ரஸரைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அந்தக் கம்ப்ரஸர் எதைக் குளிர வைக்கிறதோ அதைப் பற்றிப் பேசினால் விழித்திருப்பீர்கள் என்று நம்பி இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். முதல்வர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பேசு, ஆனா பாதியில நிறுத்திடாதே, முழுசா சொல்லு" என்றார். முழுசாகவே சொல்கிறேன். சட்டம் சொல்லும் வயது வராதவர்களுக்கு இது காதுக்கு மட்டுமான விருந்து.

வெளியூரில் யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, "காரைக்கால்" என்று நாம் சொன்னால் என்ன நடக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மையார் பிறந்த ஊர், மாங்கனித் திருவிழா நடக்கும் ஊர், பக்கத்தில் திருநள்ளாறு என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கேட்டவர் கண்ணைச் சிமிட்டி, "அங்கே சரக்கு விலை குறைச்சலாமே?" என்பார். என் சகோதரி கணவர் வீட்டாரே அப்படித்தான் கேட்டார்கள்! 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பூமி, அதனால் குடியைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைக்கிறார்கள். சொல்லப் போனால், நமக்கு விலை தெரியும், போதை தெரியும், ருசி தெரியாது. நம்ம பக்கத்துப் போர்டுகளையே பாருங்கள். "ஒயின் ஷாப்" என்று எழுதியிருக்கும். உள்ளே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்!

இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். ருசி பார்க்கத் தெரிந்தவன் மெதுவாகக் குடிப்பான், கொஞ்சமாகக் குடிப்பான், வேண்டாம் என்றால் வைத்துவிடுவான். ருசி பார்க்கிற நாக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு பிரெஞ்சு படிக்க வேண்டியதில்லை.

திராட்சைக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர்க் கள்ளைத் தெரிந்தவர்களுக்கு ஒயினைப் புரியவைப்பது சுலபம். மரத்தில் கட்டிய பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டை வளரவிடாமல் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. நம் புதுச்சேரி மாநிலத்தில் கள்ளுக்கடை உண்டு. ஆகவே இந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பு நம் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறது எனலாம்.

திராட்சையிலும் இதே கதைதான். பழுத்த ஒயின் திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு சுமார் 220 கிராம் சர்க்கரை இருக்கும். ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலைத் தரும். வகுத்துப் பாருங்கள், 13 சதவீதம் வரும். ஒயின் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் எண் இப்படி வந்ததுதான். யாரும் மேலே ஊற்றிக் கலந்தது இல்லை.

இந்த நொதித்தலில் வெப்பம் உண்டாகிறது. குளிரூட்டாமல் விட்டால் தொட்டியின் வெப்பநிலை 35 டிகிரிக்கும் மேல் ஏறிவிடக்கூடும். ஈஸ்ட் செத்துப் போகும், மணமும் பறந்து போகும். அதனால்தான் எஃகுத் தொட்டியைச் சுற்றி ஜாக்கெட் போட்டு கிளைக்கால் கலந்த குளிர்ந்த நீரை ஓட விடுகிறோம். வெள்ளை ஒயினுக்கு 12-லிருந்து 18 டிகிரிக்குள். சிவப்புக்கு 24-லிருந்து 30 வரை. என் சம்பளமே இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது!

சிவப்பும் வெள்ளையும் எப்படிப் பிரிகின்றன? ஒரு கருப்புத் திராட்சையைத் தோலுரித்துப் பிழியுங்கள். பெரும்பாலான வகைகளில் சாறு நிறமில்லாமல்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்கவிட்டால் சிவப்பு. பிழிந்து தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை. தோலில் இருந்து நிறம் மட்டும் இறங்குவதில்லை, டானின் என்ற பொருளும் இறங்குகிறது. அங்கேதான் நம் நாக்குக்கு வேலை.

அறுசுவை தெரிந்தவனுக்கு அகராதி எதற்கு?

ஆலைக்குப் பயிற்சிக்கு வரும் வடநாட்டு, வெளிநாட்டு இளைஞர்களுக்கு முதல் நாள் டானினை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "வாய் காய்ந்த மாதிரி, நாக்கு சுருங்கின மாதிரி" என்று சுற்றி வளைத்துச் சொல்வோம். அவர்கள் அதைக் கசப்பு என்று எழுதிவைப்பார்கள். நம்மிடம் அதற்கு ஒரே சொல் இருக்கிறது. துவர்ப்பு! வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நாவல்பழம் சாப்பிட்டு வளர்ந்த எவனுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி அறுசுவையில் உட்காரவைத்த மரபு நம்முடையது.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் எல்லாம் எளிது. சிவப்பின் முதுகெலும்பு துவர்ப்பு. வெள்ளையின் முதுகெலும்பு புளிப்பு. குடித்தவுடன் நாக்கும் ஈறும் பிடித்து இழுத்தால் துவர்ப்பு. கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறினால் புளிப்பு. அடுத்துப் பார்க்க வேண்டியது இனிப்பு மிச்சம் இருக்கிறதா, தொண்டையில் சூடு எவ்வளவு. கடைசியாக மணம். இந்த நான்கு கேள்வியையும் கேட்டுப் பதில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் ஒயின் சுவைக்கத் தெரிந்தவர். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புருவத்தை உயர்த்துவதெல்லாம் சினிமாவுக்கு!

இது அந்நியப் பொருள் என்றும் சொல்லிவிட முடியாது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயின் ஏற்றிவந்த ஜாடிகளும் அவற்றில் உண்டு. யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். கொடியே நம் மண்ணிலும் உண்டு. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து நட்டது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீடுகளிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாக்களும், பாரீஸில் இருந்து லீவுக்கு வரும் மாமாக்களும் மேசை மேல் வைத்த பாட்டிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். "வேன் ரூஜ், வேன் பிளாங்" என்று நாமும் சொல்லியிருப்போம். பார்த்தோம், சொன்னோம், ஆனால் யாரும் நமக்குச் சுவைக்கச் சொல்லித் தரவில்லை.

எனக்குப் பிடித்தவை

இனி என் சொந்த ருசி. "அண்ணே, எது நல்ல ஒயின்?" என்று ஜூனியர்கள் வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விசேஷ நாள் பாட்டிலைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சனிக்கிழமை ராத்திரி வீட்டுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்றால் எது, அதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளையில் என் முதல் ஓட்டு ஷெனின் பிளாங்குக்கு. பிரான்சின் லுவார் நதிக்கரைத் திராட்சை. நாசிக்கில் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிளில் வேலை பார்த்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் ஒயின்கள் 2000-இல் வெளிவந்தபோது அதில் இதுவும் சாவிஞான் பிளாங்கும்தான் இருந்தன. இந்தியாவில் செய்யும் ஷெனினில் பெரும்பாலும் லேசான இனிப்பு விட்டுவைப்பார்கள். அந்த இனிப்பு நம் மிளகாய்க் காரத்தை அணைக்கும். இறால் தொக்கு, நண்டு மசாலா என்றால் எனக்கு இதுதான்.

இரண்டாவது, சாவிஞான் பிளாங்க். நல்ல புளிப்பு, பச்சை இலையைக் கசக்கினாற் போல ஒரு வாசனை. வஞ்சிரம் வறுத்து மேலே எலுமிச்சம்பழம் பிழிவோமே, அந்தப் பிழிதலின் வேலையை இது செய்துவிடும். வேலை விஷயமாக ஒருமுறை பிரான்சுக்குப் போனபோது நாந்த் நகரத்தில் மஸ்கதே என்ற வெள்ளையைக் குடித்தேன். லுவார் நதி கடலில் கலக்கும் பக்கத்து ஒயின். கனம் இல்லை, ஆடம்பரம் இல்லை, மீனுக்கென்றே பிறந்தது. அரசலாறு கடலில் விழும் ஊர்க்காரனுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? இந்தியாவில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். பாரீஸ் மாமா வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்பலாம்.

சிவப்பில் நான் ஷிராஸ் கட்சி. அதில் இயல்பாகவே ஒரு மிளகு வாசனை உண்டு. ஆட்டுக்கறியைச் சுக்காவாக மிளகு போட்டு வறுத்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலப் பேசிக்கொள்ளும். கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மென்மையாக்கிவிடும். காபர்னே சாவிஞானை நான் மதிக்கிறேன், ஆனால் தினசரிக்கு எனக்கு அது அதிகத் துவர்ப்பு. அதை ஷிராஸோடு கலந்து செய்வது உண்டு. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பத்தார் தொடங்கிய ஆலையின் லா ரிசர்வ் அந்த வகை. அது பிடிக்கும். பிரெஞ்சுச் சிவப்பில் பொஷொலே. துவர்ப்பு குறைவு, குளிரவைத்தே குடிக்கலாம், நம் வெயிலுக்கு ஏற்றது.

ஓக் பீப்பாய் வாசனை தூக்கலாக அடிக்கும் ஒயின் எனக்குப் பிடிப்பதில்லை. மரக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. என் மேலதிகாரிக்கு அதுதான் உயிர். இரண்டு பேரும் சரி, ஏனென்றால் அவரவர் நாக்கு அவரவருக்கு.

ஒரு எச்சரிக்கை. மீன் குழம்போடு துவர்ப்பான சிவப்பு சேராது. வாயில் இரும்பு வாசனையும் கவிச்சியும் கிளம்பும். சிவப்பில் கரைந்திருக்கும் இரும்புச்சத்து இதற்கு ஒரு காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள். காரம் அதிகமான குழம்புக்கும் ஆகாது. துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும். தயிர் சாதத்தோடு எது சேரும் என்று கேட்காதீர்கள். மாவடுதான்!

பாட்டிலைக் கையாளும் முறை

"சிவப்பை அறை வெப்பநிலையில் பரிமாறு" என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எந்த அறை? ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை. அதாவது 16-லிருந்து 18 டிகிரி. சித்திரை மாதத்துப் போலகத்தில் அறை வெப்பநிலையில் வைத்தால் அது ஒயின் இல்லை, கஷாயம். சிவப்பாக இருந்தாலும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை இரண்டு, மூன்று மணி நேரம்.

கடையில் வெயில் படும் ஷோகேஸில் நிற்கும் பாட்டிலை வாங்காதீர்கள். விலை குறைந்த வெள்ளையில் ஆண்டைப் பாருங்கள். இளசாக இருப்பதே நல்லது. "பழையது எல்லாம் உசத்தி" என்பது சில ஒயின்களுக்கு மட்டுமே பொருந்தும். திருகு மூடி மட்டம் என்று நினைக்காதீர்கள், நம் வெயிலுக்குக் கார்க்கைவிட அதுவே பத்திரம். திறந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடிக்கலாம். முடியாவிட்டால் சமையலுக்கு ஊற்றலாம். ஒரே ராத்திரியில் காலி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விலையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 1976 மே 24-இல் பாரீஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பெயரை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடத்தினார். நடுவர்கள் பிரெஞ்சு வல்லுநர்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது! 2001-இல் வெளியான இன்னொரு ஆய்வில், போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் முந்திக்கொண்டால் நாக்கு வேலை செய்யாது. விலைச் சீட்டும் கண்ணில் படுவதுதானே!

முழுசாகச் சொல்ல வேண்டியது

முதல்வர் ஐயாவுக்குக் கொடுத்த வாக்கு இங்கேதான் வருகிறது.

"ஒயின்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போடுவோம். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஒரு பாட்டில் ஒயின் 750 மில்லி, 13 சதவீதம். அதில் 97 மில்லிக்கும் மேல். ஆக ஒரு முழு பாட்டில் ஒயினைக் குடித்தவன், குவார்ட்டர் அடித்தவனைவிட அதிகம் குடித்திருக்கிறான். 150 மில்லி கிளாஸில் இருப்பது ஏறக்குறைய 20 மில்லி. நான் சொல்லும் "ஒரு கிளாஸ்" அதுதான்.

"இதயத்துக்கு நல்லது" என்பது இன்னொரு பேச்சு. 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று சிவப்பு ஒயினை அப்படித் தூக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை. ஒயின் ஆலையில் சம்பளம் வாங்கும் நானே சொல்கிறேன், மருந்து என்று நினைத்து யாரும் தொடவேண்டாம். குடிக்காதவர்கள் இன்றைக்குத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களே குறைத்துவிட்டார்கள். 1960-களில் தலைக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்தவர்கள் இப்போது அதில் பாதிகூடக் குடிப்பதில்லை.

எங்கள் பேட்சில் இரண்டு பேர் இன்று இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. இனி வரவும் மாட்டார்கள். ஒருவன் ராத்திரி பைக்கில் வாஞ்சூர் தாண்டிப் போனவன். இன்னொருவன் 33 வயதில் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து போனவன். இரண்டு பேரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். இருவருமே எதையும் ருசித்துக் குடித்ததாக எனக்கு நினைவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கலந்து, ஊறுகாயை நக்கிக்கொண்டு, சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காகவே குடித்தார்கள். விலை குறைவு என்பதே காரணமாக இருந்தது. அவர்கள் பெற்றோர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தெருவில் அவர்களைப் பார்க்கும்போது என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ருசி தெரிந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. குடிநோய் ஒரு நோய், அதற்கு வைத்தியர்தான் வேண்டும், அறிவுரை போதாது. ஆனால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் முதல் கிளாஸை நீட்டும்போது, "இது என்ன ருசிடா?" என்று ஒருவனாவது கேட்டிருக்கலாம். மட்டமான சரக்கு அந்தக் கேள்விக்குத் தாங்காது. போதைக்காகவே செய்த பொருளை மெதுவாகச் சுவைத்துப் பாருங்கள், இரண்டாவது வாய் உள்ளே போகாது.

தம்பி தங்கைகளே, இதை ஒயினுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். காபியில் சிக்கரி எவ்வளவு, மாம்பழம் மரத்தில் பழுத்ததா கல் வைத்ததா, அரிசி புதுசா பழசா என்று சொல்லத் தெரிந்த அம்மாக்களின் பிள்ளைகள் நாம். எதை வாயில் வைத்தாலும் அதே கண்டிப்போடு கேளுங்கள். குடித்தால் வண்டிச் சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒன்றிரண்டு கிளாஸே அந்த எல்லைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

நாளைக்கு யாராவது உங்களிடம் "காரைக்காலா? சரக்கு விலை என்ன?" என்று கேட்டால், "விலையை விடுங்க, ருசியைப் பற்றி வேணா கேளுங்க" என்று சொல்லும் நிலை வரவேண்டும் என்பது என் ஆசை.

 வெளியே மதிய விருந்து காத்திருக்கிறது. குடிக்க மோர்தான், கவலைப்படாதீர்கள்!